மெய்ம்மை ஆராய்ச்சி துறவுக்குப் பகையாமோ?

வீட்டையும் சுற்றத்தையும் துறந்து மடத்திற் புகுந்தார் ஒருவர், பழைய ஏடுகளைப் பார்த்தும், பட்டயங்களை ஒப்பிட்டும், காலங் கணித்தும், மூலம் இது இடைச்செருகல் இது எனப் பகுத்தும் வாழ்நாளைக் கழிப்பது தக்கதாமோ என்பது அறிஞரிடை நெடுங்காலமாக நிகழும் ஒரு வினா. அதனை ஒட்டிப் பிறிதொரு வினாவும் எழும். அங்ஙனம் ஆராயுமிடத்துத் தாம் புகுந்த மடத்தின் பெருமைக்கு மாறாகவோ, தாம் போற்றும் பெரியாரைப் பற்றிய வழிவழிக் கதைக்கு மாறாகவோ ஓர் உண்மை வெளிப்படுமாயின், அதனை உள்ளவாறு உரைத்தல் அறமோ, மறைத்தல் அறமோ என்பதே அது. முன்னையது துறவைப் பற்றியது. பின்னையது வாய்மையைப் பற்றியது. இவ்விரண்டும் ஒரே வேரினின்று கிளைத்தன என்பதும், ஒன்றற்கு விடை கண்டார்க்கு மற்றதற்கும் விடை எளிதிற் பெறப்படும் என்பதும் ஈண்டு யாம் காட்டப் புகுந்தவை.

இவற்றை நம் நாட்டு வழக்குகளைக் கொண்டு ஆராயப் புகின், விருப்பும் வெறுப்பும் இடையே புகுந்து அறிவை மறைத்தல் கூடும். ஆதலின், 17-ஆம் நூற்றாண்டிற் பிரெஞ்சு நாட்டிலே கிறித்தவத் துறவிகளிடை நிகழ்ந்த ஒரு பெருவழக்கினை எடுத்துக்கொள்வாம். அவர் சமயம் வேறு. நம் சமயம் வேறு. எனினும் மடமும், ஏடும், முன்னோர் மரபும், துறவும் இருசாரார்க்கும் பொது. பிறர் மனை வழக்கில் நடுவுநிலை எய்துதல் எளிது. எய்தியபின் அந்நிலையில் நின்றே தம் மனையை நோக்குதலும் எளிதாம்.

பெனெடிக்ட் என்னும் பெரியார் 6-ஆம் நூற்றாண்டில் வகுத்த ஒழுக்கநெறியைக் கைக்கொண்ட துறவிகள், ஐரோப்பாவிற் பலவிடத்தும் மடங்கள் அமைத்து வாழ்ந்தனர். பிரெஞ்சு நாட்டில் அந்நெறி தளர்ந்தமை கண்டு அதனைத் திருத்தி நிறுத்தற்பொருட்டு 1618-இல் தோன்றியது சேன் மோர் சபை. அச்சபையின் தலைமையிடம் பாரிஸ் நகரத்துச் சேன் ஜெர்மேன் தெ பிரே மடம். அம்மடத்திலே லூக் தாஷெரி என்னும் முதிய துறவி நூல்நிலையத்தைக் காத்து, நாடெங்குமுள்ள மடங்களினின்று ஏடுகளையும் அவற்றின் படிகளையும் திரட்டி வந்தார். அவர்க்குத் துணையாக 1664-இல் வந்து சேர்ந்தவரே ழான் மாபியோன் என்பார்.

மாபியோன் 1632-இல் ஷாம்பேன் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் உழவர் குடியிற் பிறந்து, 1653-இல் ரேம்ஸ் நகரத்துச் சேன் ரெமி மடத்திற் புகுந்தவர். கடுந்தலைநோய் அவரைப் பற்றியமையாற் படிப்பு விலக்கப்பட்டு, உடல் தேறும்பொருட்டு வேறு மடங்களுக்கு அனுப்பப்பட்டார். கோர்பி மடத்தில் வாயில் காத்தார், பண்டகசாலை பார்த்தார். சேன் தெனி மடத்தில் ஓராண்டு, அதன் கருவூலத்தைக் காத்து வருவார்க்குக் காட்டும் பணியில் அமர்ந்திருந்தார். பின்னாளில் ஐரோப்பா முழுவதும் கற்றோர் தலைவரெனக் கொண்டாடிய ஒருவர், இளமையில் ஏவிய பணியை ஏவியவாறு செய்துகொண்டிருந்த எளிய துறவியே என்பது ஈண்டு நினைவில் வைக்கத்தக்கது. பின்னர் யாம் கூறப்போகும் விடைக்கு அது பயன்படும்.

இனி, வழக்கின் பிறப்பினைக் கூறுவாம். அந்நாட்டு மடங்களின் நிலமும் உரிமையும் பட்டயங்களையே பற்றி நின்றன. அரசர் வழங்கிய ஊர்கள், ஆயரின் ஆணைக்கு உட்படாத தனியுரிமை, சுங்க விலக்கு ஆகிய யாவும் தோலேட்டில் எழுதி முத்திரையிட்ட சாசனங்களால் நிலைபெற்றன. 9-ஆம் நூற்றாண்டில் வடபுலத்துக் கடற்கொள்ளையர் புகுந்து மடங்களை எரித்தபோது பட்டயங்கள் பலவும் எரிந்தன. நிலம் உண்மையில் மடத்ததே; ஊரார் அதனை அறிவர்; ஆயினும் காட்டுதற்கு ஏடு இல்லை. அந்நிலையில் எழுத்துவல்ல துறவி ஒருவர் பண்டை மன்னன் ஒருவன் பெயரால் ஒரு பட்டயத்தைத் தாமே எழுதிவைப்பார். அவர்க்கு அது பொய்யாகத் தோன்றுவதில்லை. இழந்ததை மீட்டலாகவே தோன்றும். ஒருகால் இழந்ததை மீட்க எழுதிய கை, மறுகால் இல்லாததைச் சேர்க்கவும் எழுதிற்று.

நிலத்தின் பொருட்டு மட்டுமன்றிப் பெருமையின் பொருட்டும் இது நிகழ்ந்தது. சேன் தெனி மடத்தலைவராயிருந்த இல்துயின் என்பவர், 9-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தம் மடத்துப் புனிதராகிய பாரிஸ் ஆயர் தெனி என்பாரும், ஏதென்ஸ் நகரிற் பவுலடியாரின் மாணவராயிருந்த தியொனீசியு என்பாரும், அப்பெயரால் வழங்கிய கிரேக்க ஞானநூல்களை இயற்றினாரும் ஒருவரே என எழுதினார். காலத்தால் நெடிது வேறுபட்ட மூவர் ஒருவராயினர். அன்பே இதனைச் செய்தது என்பதில் ஐயமில்லை. தம் தலைவரை உயர்த்த வேண்டும் என்னும் அன்பு, அவர் யாராக இருந்தாரோ அவரை மறைத்துவிட்டது.

17-ஆம் நூற்றாண்டில் இவையெல்லாம் ஆராய்ச்சிக்கு வந்தன. ஆண்ட்வெர்ப் நகரத்தில், சேசு சபையினராகிய பொலாந்தியர் குழுவினர் கிறித்தவப் புனிதரின் வரலாறுகளை மூல ஏடுகளோடு ஒப்பிட்டு 1643 முதல் பெருந்தொகுதிகளாக வெளியிட்டு வந்தனர். அவருள் மிகச் சிறந்தவர் தானியேல் பாபெப்ரோக் என்பார். இவர் 1675-இல் வெளிவந்த தொகுதி ஒன்றன் முகப்பில், பட்டயங்களின் மெய் பொய் காணும் முறை பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். திரியேர் நகரத்து மடம் ஒன்றிலிருந்த, தகோபெர்ட் மன்னன் பெயர் தாங்கிய பட்டயத்தை ஆராய்ந்து அது போலியெனக் கண்டார், அம்முடிபு சரியானதே. ஆயின் அவர் அவ்வளவில் நில்லாது, பட்டயம் எத்துணைப் பழைமை உடையதெனச் சொல்லப்படுமோ அத்துணை ஐயத்திற்கும் உரியது என்னும் பொதுவிதி ஒன்றை வகுத்து, மெரோவிங்கிய மன்னர் காலத்துப் பட்டயங்களை, சிறப்பாகச் சேன் தெனி மடத்தனவற்றை, நம்பத்தகாதனவாக ஒதுக்கினார்.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. பாபெப்ரோக் ஒதுக்கியவற்றுட் பல மெய்ப்பட்டயங்களே. அவை ஐயத்திற்கு ஆளானமை ஏன்? அவற்றின் அருகே பொய்ப்பட்டயங்கள் வைக்கப்பட்டிருந்தமையால் என்க. மடத்தின்பால் அன்புகொண்டு பொய் எழுதினார் ஒருவர், எதிரிக்குத் தீங்கு செய்யவில்லை. பல நூற்றாண்டு கழித்துத் தம் மடத்தின் மெய்ம்மைக்கே தீங்கு செய்தார். ஒரு பொய்யேடு தன்னளவில் நில்லாது, தன்னோடு ஒரே பெட்டியிற் கிடக்கும் மெய்யேடுகள் எல்லாவற்றின் நாவையும் அடைத்துவிடும். நல்ல நோக்கத்தோடு கூறிய பொய்யால் யாருக்கு என்ன கேடு என வினவுவார்க்கு இதுவே தக்க விடையாம்.

பாபெப்ரோக்கின் கட்டுரை பெனெடிக்ட் சபையார் அனைவரையும் புண்படுத்திற்று. மறுப்பு எழுதும் பொறுப்பு மாபியோனிடம் வந்தது. அவர் சினந்து எழுதவில்லை, விரைந்தும் எழுதவில்லை. ஆறாண்டு உழைத்து 1681-இல் பட்டயவியல் பற்றிய தம் பெருநூலை இலத்தீன் மொழியில் வெளியிட்டார். ஆறு பகுதிகளாக அமைந்த அந்நூலில் எதிரியின் பெயரைப் பற்றிய ஆரவாரம் இல்லை, பட்டயங்களே பேசின. எழுதப்பட்ட பொருள் நாணற்றாளா தோலேடா, எழுத்தின் வடிவு எக்காலத்தது, இலத்தீன் நடை எத்தகையது, தொடங்கும் வாய்பாடும் முடிக்கும் வாய்பாடும் யாவை, கையொப்பமும் முத்திரையும் எங்ஙனம் இடப்பட்டன, ஆண்டு எம்முறையிற் குறிக்கப்பட்டது என ஒவ்வோர் உறுப்பும் தனித்தனி ஆராயப்பட்டது. பண்டை அரசர் மாளிகைகளைப் பற்றிய நான்காம் பகுதியை அவர்தம் துணைவராகிய மிஷேல் ஜெர்மேன் எழுதினார். ஐந்தாம் பகுதியிற் பல நூற்றாண்டின் எழுத்து வடிவங்கள் செப்புத்தகட்டிற் பொறித்துப் படமாகக் காட்டப்பட்டன. ஆறாம் பகுதியில் 200-க்கு மேற்பட்ட ஆவணங்கள் முழுமையாகத் தரப்பட்டன. கற்போர் ஆசிரியர் சொல்லை மட்டும் நம்பாது தாமே ஒப்பிட்டுக் காணும்பொருட்டு.

அந்நூலின் உயிர்நாடி யாதெனின், ஒரு குற்றங் கண்டவுடன் பட்டயத்தைப் பொய்யெனத் தள்ளுதலும், ஒரு நல்லடையாளங் கண்டவுடன் மெய்யெனக் கொள்ளுதலும் ஆகா. எல்லா அடையாளங்களையும் ஒருங்குவைத்து, உண்மையென ஐயமின்றித் தெளிந்த பிற பட்டயங்களோடு ஒப்பிட்டே முடிபு செய்யவேண்டும் என்பதாம். கணக்கிற்போல ஐயத்திற்கு இடமேயில்லாத உறுதி இத்துறையிற் கிட்டாது. பயின்ற கண்ணும் நடுவுநிலை மனமும் உடையார், பல சான்றுகள் ஒருமுகமாய்க் கூடுமிடத்துப் பெறும் உறுதியே கிட்டும். பட்டயங்களின் மெய்ம்மை ஆராயும் கலை அந்நூலோடு பிறந்தது என்று பின்வந்த வரலாற்றாசிரியர் ஒருமுகமாய்க் கூறுவர்.

காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளைப் பயின்ற நம்மவர்க்கு இம்முறை அயலதன்று. பட்டயம் உரையளவையின்பாற் படும். உரை அளவையாவது ஆப்தன் கூற்றாயவழியே. இவ்வேடு இன்னான் கூற்று என்பது அவ்வேட்டினாலேயே நிறுவப்படாது. நிறுவின் அது தன்னைப்பற்றல் என்னும் குற்றமாம். ஆதலின் உரையை ஏற்குமுன், அது உரியவன் உரைதானா என்பதைக் காண்டலானும் கருதலானும் தெளிதல் வேண்டும். தோலையும் மையையும் முத்திரையையும் காண்பது காண்டல். காலத்து வழக்கோடு ஒப்பிட்டு அறிவது கருதல். இவ்வாராய்ச்சி உரையை இகழ்வதன்று. அதற்குரிய இருக்கையைத் தருவதேயாம்.

பாபெப்ரோக் அந்நூலைக் கற்றார். கற்றபின் 1683-இல் மாபியோனுக்கு ஒரு கடிதம் வரைந்தார். முதலிற் படித்தபோது தம் கருத்துக்கள் மறுக்கப்பட்டமையால் வருத்தம் தோன்றிற்று என்பதையும், பின்னர் அந்நூலின் உண்மையும் அழகும் தம்மை வென்றன என்பதையும் அதில் ஒளியாது தெரிவித்தார். இத்தகைய நூல் பிறத்தற்குக் காரணமாயிருந்தமை ஒன்றே தம் கட்டுரையாற் பெற்ற மகிழ்ச்சி என்றும், தாம் முழுதும் மாபியோன் கருத்தினரே என்பதை எங்கும் கூறலாம் என்றும் இசைவளித்தார். ஐரோப்பாவில் வேறு வேறு சபையினர் ஒருவரையொருவர் கடுமொழியால் தாக்கி நூல்கள் எழுதிய காலம் அது. அக்காலத்தில் தோற்றவர் தம் தோல்வியைத் தாமே விளம்பரப்படுத்த இசைந்தார் என்றால், அவர்பால் நிகழ்ந்தது கல்வி மட்டுமன்று. 'என் கருத்து' என்னும் பற்று ஒன்று அவரிடத்து அறுந்தது என்றே கொள்ளவேண்டும்.

இனி, முதல் வினாவின் தடைப்பொருளை அதன் முழு வலிமையோடு நிறுத்துவாம். லா திராப் என்னும் மடத்தின் தலைவர் அர்மான் ழான் தெ ரான்சே என்பார், 1626-இற் செல்வக்குடியிற் பிறந்தவர். பன்னிரண்டு வயதளவிலேயே அனக்ரேயோன் என்னும் கிரேக்கப் புலவரின் பாடல்களைப் பதிப்பித்த கல்விச்செல்வர். பின்னர் உலகவாழ்வை வெறுத்துத் தம் பதவிகளைத் துறந்து, 1664-இல் லா திராப் மடத்திற் கடுந்தவ நெறியை நிறுவினார். மௌனம், உடலுழைப்பு, எளிய உணவு, இடையறா வழிபாடு ஆகியவையே ஆண்டு வாழ்வு. இவர் 1683-இல் வெளியிட்ட துறவறக் கடமை பற்றிய நூலில், துறவிக்கு நூலாராய்ச்சி ஆகாது என்று வலியுறுத்தினார். கல்லாதார் ஒருவர் கல்வியைப் பழித்தாரேல் அதனை யாம் பொருட்படுத்தவேண்டா. கற்றுத் துறந்தவர் பழிக்குமிடத்துச் செவிசாய்த்தல் கடன்.

அவர் கூறியன இவை. துறவி அழுது தொழுது தன் குற்றம் போக்கவந்தவன். உலகிற்குக் கற்பிக்க வந்தவனல்லன். பண்டைப் பாலைவனத்துத் தவத்தோர் ஏடுகளை ஒப்பிட்டுத் தவம் பெற்றாரல்லர். ஆராய்ச்சி அறியும் ஆசையை வளர்க்கும். ஆசை பொருளின்மேற் சென்றாலென், ஏட்டின்மேற் சென்றாலென், ஆசையேயாம். கற்றவன் செருக்குறுவான்; செருக்குற்றவன் வழக்காடுவான்; வழக்காடுவான் உள்ளத்தில் அமைதி தங்காது. மேலும், கையால் உழைக்கும் பணியைக் கற்றோர் இழிவாகக் கருதி விலக்குவர். அதனால் மடத்தில் ஏற்றத்தாழ்வு புகும்.

இத்தடைகளை எளியனவென்று யாம் கருதவில்லை. வழிபாட்டு வேளையிலும் பாடபேதத்தையே எண்ணிக்கொண்டிருக்கும் புலவரையும், ஒரு சொல்லின் பொருட்டு வாழ்நாள் முழுதும் பகை பாராட்டும் புலவரையும் எந்நாட்டிலும் காணலாம். நூலைப் பற்றி நின்ற அகங்காரம் பொன்னைப் பற்றி நின்றதினும் நுண்ணிது. நுண்மையாற் களைதற்கு அரிது.

மாபியோன் 1691-இல், மடத்துக் கல்வியைப் பற்றிய தம் நூலால் இதற்கு விடை கூறினார். பெனெடிக்ட் வகுத்த நெறியிலேயே நாடோறும் நூல் ஓதுதற்கு வேளை வகுக்கப்பட்டிருத்தலையும், பண்டு தொட்டு மடங்களே நூல்களைக் காத்தமையையும், கல்வி குன்றிய மடங்களில் ஒழுக்கமும் குன்றியமையையும் அவர் எடுத்துக்காட்டினார். துறவிகள் யாவரும் பேரறிஞராதல் வேண்டுமென்பது அவர் கருத்தன்று. கல்வி தன்பொருட்டே நாடப்படுமாயின் அது துறவிக்குக் கேடே என்பதை அவரும் உடன்பட்டார். உள்ளத் தூய்மைக்கும் அன்புக்கும் கருவியாய் நிற்குமாயின் அது தவத்தின் பகுதியே என்றார். ரான்சே 1692-இல் மறுப்பு எழுதினார். மாபியோன் அவ்வாண்டிலேயே அதற்கு அமைதியாக விடை எழுதினார். அடுத்த ஆண்டு, 1693-இல், அவர் லா திராப் மடத்திற்கே நேரிற் சென்றார். இருவரும் அன்போடு தழுவிக்கொண்டனர். கருத்து வேறுபாடு தீர்ந்ததன்று, பகை தீர்ந்தது.

மாபியோன் கூறியவற்றோடு யாம் ஒன்று சேர்த்துக் கூற விரும்புகின்றோம். ரான்சே சுட்டிய நோய் உண்மை, மருந்து பிழைபட்டது. துறவி தன் இல்லத்தையும் நிலத்தையும் 'எனது' என்னும் பற்றினின்று விடுகின்றான். ஆயின் மடத்திற் புகுந்தபின் அப்பற்று வேறு உருக்கொண்டு வருகின்றது. 'என் மடம்', 'என் மரபு', 'எம் பெரியார்' என்று பேசுகின்றது. இப்பற்றுக்குப் பத்தியின் உடை அமைந்திருத்தலால் துறவியே அதனைக் கண்டுகொள்ளமாட்டான். பொய்ப்பட்டயம் எழுதிய கை இப்பற்றின் கையே. கல்வியை விலக்கிவிட்டால் இப்பற்று அழியுமோ? அழியாது, கேட்பாரின்றி ஆளும். நடுவுநிலையோடு செய்யும் ஆராய்ச்சியோ, நாடோறும் ஆராய்வானை நோக்கி, 'இது உன் மடத்திற்கு ஏற்றது என்பதால் நம்புகின்றாயா, மெய்யென்பதால் நம்புகின்றாயா?' என்று வினவுகின்றது. அவ்வினாவிற்கு ஒவ்வொரு முறையும் நேர்மையாக விடையிறுத்தல் ஒரு நோன்பு. ஆராய்ச்சி செருக்கை வளர்ப்பதும் உண்டு, அறுப்பதும் உண்டு. தம் பக்கத்திற்கு மாறாகச் சான்று நிற்குமிடத்து ஆராய்வார் யாது செய்கின்றார் என்பதைக் கொண்டே எது நிகழ்ந்ததென அறியலாம்.

இதனால் இரண்டாம் வினாவும் தெளிவாம். மாபியோன் தம் சபைப் புனிதர் வரலாறுகளை 1668 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டபோது, பெனெடிக்ட் சபையினரென வழிவழியாகச் சொல்லப்பட்டார் சிலரைப் போதிய சான்றின்மையால் விலக்கினார். தம் சபையினருள்ளேயே சிலர் சினந்து, இவர் சபையின் புகழைக் குறைக்கின்றார் என மேலோரிடம் முறையிட்டனர். வரலாறு எழுதுவோன் வழக்குத் தீர்க்கும் நடுவனை ஒத்தவன். உறுதியானதை உறுதியாகவும், ஐயமானதை ஐயமாகவும், பொய்யைப் பொய்யாகவும் கூறக் கடமைப்பட்டவன் என்பதே அவர் விடையின் சாரம்.

உரோமாபுரியில் நிலத்தடிக் கல்லறைகளினின்று எடுத்த எலும்புகள், யாருடையவென அறியப்படாமலே, சமயத்தின் பொருட்டு உயிர்நீத்தோர் திருவென்புகளெனப் பல நாட்டுக் கோயில்களுக்கும் அனுப்பப்பட்டு வந்தன. மாபியோன் 1685-இல் இத்தாலிக்குச் சென்று இவற்றை நேரிற் கண்டவர். அவர் 1698-இற் புனைபெயரால் ஒரு கடிதநூல் வெளியிட்டு, தக்க சான்றில்லாதவிடத்து வணக்கம் விதித்தல் ஆகாதென்றார். உரோமாபுரியில் அதிருப்தி எழுந்தது. 1705-இல் அந்நூலைச் சில திருத்தங்களோடு, சொற்களைத் தணித்து மீண்டும் வெளியிட்டார். உண்மையைக் கூறுங்கால் எவ்வளவு, எச்சொல்லால் என்னும் அளவை ஆராய்தலும் அறத்தின் கூறே. அளவறிதல் வேறு, மறைத்தல் வேறு.

பாபெப்ரோக்கிற்கு நேர்ந்த துன்பம் இதனினும் பெரிது. கார்மேல் சபையார் தம் சபையை எலியா என்னும் பண்டைத் தீர்க்கதரிசியே தோற்றுவித்தார் என நம்பி வந்தனர். அச்சபை 12-ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிற்று எனப் பாபெப்ரோக் சான்று காட்டினார். அதன் விளைவாக 1695-இல் இசுபானிய மதவிசாரணை மன்றம், பொலாந்தியரின் 14 தொகுதிகளுக்குத் தடை விதித்தது. அத்தடை நீங்கியது 1715-இல். பாபெப்ரோக் அதற்கு முந்தைய ஆண்டிலேயே இறந்துவிட்டார். சேன் தெனி மடத்தின் பட்டயங்களைப் பற்றித் தாம் கொண்ட கருத்துப் பிழையெனக் கண்டபோது உடனே விட்டவர், இக்கருத்தை எத்துணை நெருக்கியும் விட்டாரல்லர். என்னை? ஆண்டுச் சான்று அவர்க்கு மாறாக நின்றது. ஈண்டு அச்சம் ஒன்றே மாறாக நின்றது. சான்றுக்குப் பணிதலும் அச்சத்துக்குப் பணியாமையும் ஒரே குணத்தின் இரு முகங்களாம்.

அற்றேல், இத்தகைய ஆராய்ச்சி எளிய அடியார் உள்ளத்தைக் கலக்காதோ எனின், கலக்குதல் கூடும். ஆயின் ஆராய்ந்து தெளிந்த ஒருவர் அன்போடு எடுத்துரைக்கும்போது உண்டாகும் கலக்கம் சிறிது. பின்னாளிற் பகைவன் ஒருவன் எள்ளி நகையாடி வெளிப்படுத்தும்போது உண்டாகும் கலக்கம் பெரிது. அடியார் உள்ளம் பொருந்தி நிற்பது பெரியாரின் அருளொழுக்கத்தின்மேல். அவர் பிறந்த ஆண்டின்மேலன்று. ஆண்டைத் திருத்தினால் வீழ்ந்துவிடும் அன்பு, முன்னரே ஆண்டின்மேல் நின்ற அன்பாகும்.

இனி, ஐயத்திற்கு ஒருமுறை வாயில் திறந்தால் அது எங்கே நிற்கும் எனவும் தடை நிகழ்த்துவர். இதற்கும் அக்காலத்திலேயே ஒரு சான்று உண்டு. ழான் ஆர்துவேன் என்னும் சேசு சபை அறிஞர், 1685-இல் பிளினி என்பாரின் இயற்கைநூலைச் சிறப்புறப் பதிப்பித்த பெரும்புலவர். அவர் ஐயம் வரம்பிகந்து வளர்ந்தது. கிரேக்க இலத்தீன் நூல்களுள் மிகச் சிலவொழியப் பிறவெல்லாம் இடைக்காலத் துறவிகள் கூடிப் புனைந்த போலிகளே என்று கூறத் துணிந்தார். கல்வியிற் குறைந்தவரல்லர், அளவையிற் குறைந்தவர். பொய்ப்பட்டயம் எழுதினார் சான்றின்றி நம்பச் சொன்னார். ஆர்துவேன் சான்றின்றி மறுக்கச் சொன்னார். இருவரும் தம் விருப்பத்தையே அளவையாகக் கொண்டார் ஆதலின், எதிரெதிரே செல்வார்போலத் தோன்றினும் ஒரே இடத்தில் நிற்பவரே. மெய்யான ஆராய்ச்சிக்கு எல்லை உண்டு. சான்று எவ்வளவோ அவ்வளவே அதன் எல்லை.

மாபியோனும் தவறாதவரல்லர். வாந்தோம் நகரத்துப் பெனெடிக்ட் மடத்தில் இயேசுவின் கண்ணீர்த்துளி எனப் போற்றப்பட்ட பொருளை, தியேர் என்னும் குரு 1699-இல் மறுத்தெழுதியபோது, மாபியோன் அதனைக் காத்து 1700-இல் எழுதினார். கல்லறை எலும்புகளுக்குத் தக்க சான்று வேண்டுமென்றவர், தம் சபை மடத்துப் பொருளுக்கு வழிவழி வணக்கமே போதுமென அமைந்தார். மேலும், 1695-இல் பலூஸ், ரூய்னார் என்னும் இருவரோடு கூடி, ஓர் உயர்குடியின் பழைமையை நிறுவவந்த பட்டயங்கள் மெய்யென ஒப்பமிட்டார். அவை போலி என்பது பின்னர் வெளிப்பட்டது. போலியை அறியும் கலையைப் படைத்தவரையே போலி ஏமாற்றிற்று.

இவை அவர் பெருமையைக் குறைக்கக் கூறினேமல்லேம். பற்று ஒருமுறை அறுத்தால் மீண்டும் தளிர்ப்பது. ஆராய்வார் எத்துணைப் பெரியாராயினும் அவரையும் ஆராய்தல் வேண்டும் என்பதற்கே கூறினேம். மாபியோன் 1707-இல் இறந்தார். சேன் மோர் சபை, பிரெஞ்சுப் புரட்சியில் 1790-இற் கலைக்கப்பட்டது. சேன் ஜெர்மேன் மடத்து நூல்நிலையத்தில் 1794-இல் தீப்பற்றிப் பெருஞ்சேதம் விளைந்தது. மடமும் போயிற்று, அதன் நிலங்களும் போயின, அந்நிலங்களின் பொருட்டு எழுதிய பொய்ப்பட்டயங்களும் பயனற்றன. மாபியோன் வகுத்த ஆராய்ச்சி முறையோ, அவர் பிழையையும் அம்முறையாலேயே கண்டு திருத்தும் அளவிற்கு இன்றும் நிற்கின்றது.

நம் மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் ஏட்டுச்சுவடிகள் உள. அவற்றிற் பாடபேதம் உண்டு, இடைச்செருகல் உண்டு, ஆசிரியர் பெயர் மாறி வழங்குதல் உண்டு, காலத்தை மிகப் பின்தள்ளியும் முன்னிழுத்தும் கூறும் வரலாறுகள் உண்டு. இவற்றை ஆராயப் புகும் அறிஞர் மூன்று நியமங்களைக் கைக்கொள்வாராக. தமக்கு உவப்பான முடிபினை, உவப்பில்லா முடிபினை ஆராய்வதினும் இருமடங்கு ஆராய்க. மறுத்தாரின் சான்றினை அவர் கூறியதினும் தெளிவாக எடுத்துக்காட்டியபின் விடை கூறுக. தாம் கண்ட ஏட்டினைப் பிறரும் கண்டு ஒப்பிடுமாறு திறந்து வைக்க. பூட்டிவைத்த ஏடு சான்றாகாது. மடத்தலைவர்களும், ஆராய்வார் கூறும் முடிபு தம் மரபிற்கு ஏற்றதா என்று வினவுமுன், அது ஆராய்ந்து கூறியதா என்று வினவுவாராக.

துறவு என்பது பொருளை விடுதல் மட்டுமன்று. பொய்யை விடுதலும் அதன் உறுப்பு. பொய்யை விடவேண்டுமாயின் அதனைப் பொய்யென அறிதல் வேண்டும். அறிதற்கு ஆராய்ச்சி வேண்டும். ஆதலின் மெய்ம்மை ஆராய்ச்சி துறவுக்குப் பகையன்று. நடுவுநிலை பிறழாது செய்யப்படின் துறவே அதன் உயிர் என்பது எமது துணிபு. இதற்கு மாறு கருதும் பெரியோர் உளராயின், தம் தடைகளை எழுதித் தெரிவிப்பாராயின் யாம் நன்றியோடு ஏற்று ஆராய்வேம்.